சீகோவின் தந்தை கின்டாரோ ஹட்டோரி: எரிந்துபோன 1,500 வாட்ச்சுகளும் ஒரு பத்திரிகை விளம்பரமும்

டோக்கியோவின் கின்சா பகுதியில் சீகோ நிறுவனத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. பளபளக்கும் பழைய வாட்ச்சுகளுக்கு நடுவே, அங்கே ஒரு கருகிய உலோகக் கட்டியையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால்தான் அது என்ன என்று புரியும். ஒன்றோடொன்று உருகி ஒட்டிப்போன பாக்கெட் வாட்ச்சுகளின் குவியல் அது. 1923-ல் டோக்கியோவைச் சாம்பலாக்கிய நிலநடுக்கத் தீயில் மிஞ்சியது.

இன்றைக்கு ஜப்பான் வாட்ச்சுகளைச் சேகரிப்பது உலகம் முழுக்கப் பெரிய மோகம். கிராண்ட் சீகோ வாட்ச் ஒன்றுக்கு லட்சங்களில் விலை கொடுக்கிறார்கள். 1960-களில் வந்த பழைய சீகோ, கிங் சீகோ மாடல்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். பணம் இருந்தால் சுவிஸ் வாட்ச் வாங்கலாமே, ஜப்பான் வாட்ச்சில் அப்படி என்னதான் இருக்கு என்று கேட்பவர்களும் உண்டு.

அதற்கான பதில் தங்கத்திலோ வைரத்திலோ இல்லை. 1860-ல் பிறந்து 1934-ல் மறைந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர்தான் சீகோவைத் தொடங்கிய கின்டாரோ ஹட்டோரி.

பழைய சாமான் வியாபாரியின் ஒரே மகன்

டோக்கியோவுக்கு அப்போது எடோ என்று பெயர். ஷோகன்கள் என்ற ராணுவத் தலைவர்களின் ஆட்சி முடியப்போகும் காலம். 1860 நவம்பர் 21-ம் தேதி, கியோபாஷி பகுதியில் பழைய பொருள்களை வாங்கி விற்கும் கிசபுரோ என்பவரின் வீட்டில் கின்டாரோ பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. பெரிய சொத்து எதுவும் இல்லை. அக்கம்பக்கத்துத் திண்ணைப் பள்ளியில் எழுத, படிக்க, கணக்குப் போடக் கற்றுக்கொண்டார்.

பதினொரு வயதிலேயே வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்து ஜப்பானில் அது சாதாரணம். வெளிநாட்டுச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அந்தக் கடைக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரக் கடை இருந்தது. அதுதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது.

மழை நாள்களில் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மழை பெய்தால் தன் முதலாளியின் கடைக்கு யாரும் வருவதில்லை. பையன்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்துக் கடிகாரக் கடையிலும் வாடிக்கையாளர் வருவதில்லைதான். ஆனால், அங்கே யாரும் சும்மா இருப்பதில்லை. ரிப்பேருக்கு வந்த கடிகாரங்களைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். விற்பனையிலும் காசு, பழுதுபார்ப்பதிலும் காசு. மழை பெய்தாலும் தொழில் ஓடும்.

வெறும் வியாபாரக் கணக்குதான். ஆனால், அந்தக் கணக்கைப் போட்டவனுக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகியிருக்காது. கடிகாரத் தொழில்தான் தன் தொழில் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

ஒரு நாடே நேரத்தை மாற்றிக்கொண்டபோது...

அவர் முடிவெடுத்த நேரமும் சரியாக அமைந்தது. அதுவரை ஜப்பானில் மணிக்கணக்கு வேறு மாதிரி. சூரியன் எழுவதிலிருந்து மறைவது வரை உள்ள பகலை ஆறு பங்காகவும், இரவை ஆறு பங்காகவும் பிரித்திருந்தார்கள். கோடையில் பகல் நீளம் என்பதால் பகல் நேரத்து ஒரு பங்கும் நீளும். குளிர்காலத்தில் அதுவே சுருங்கும். அதாவது, அவர்களுடைய ஒரு மணி நேரம் வருஷம் முழுக்க ஒரே அளவில் இருக்காது. இதற்கென்றே தனி வகைக் கடிகாரங்கள் இருந்தன. பருவம் மாற மாற அவற்றை அடிக்கடி திருத்திவைக்க வேண்டும்.

1872-ல் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகஹாமாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. பருவத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்கும் மணியை வைத்துக்கொண்டு ரயில் ஓட்ட முடியாதே! புதிய மெய்ஜி அரசு அதிரடியாக ஓர் உத்தரவு போட்டது. பழைய நாள்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் இரண்டே நாள்களோடு முடிந்தது. மறுநாள் காலை 1873 ஜனவரி 1. கூடவே, நாளுக்கு 24 மணி நேரம் என்ற மேற்கத்திய முறையும் அமலுக்கு வந்தது.

ஒரே இரவில் ஜப்பானின் பழைய கடிகாரங்கள் பெரும்பாலும் பயனற்றுப்போயின. அலுவலகம், பள்ளி, ரயில் நிலையம், ராணுவம் என எல்லா இடத்துக்கும் புதுக் கடிகாரம் தேவைப்பட்டது. எல்லாமே அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும்தான் வந்தாக வேண்டும். அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களோ மிகச் சிலர். கின்டாரோ கடிகாரக் கடையில் தொழில் பழகச் சேர்ந்தது இந்தக் காலகட்டத்தில்தான். முதலில் நிஹோன்பாஷியில் ஒரு கடை, பிறகு உஏனோவில் இன்னொரு கடை.

அடகுக்கடைச் சரக்கு, 21 வயது முதலாளி

1877-ல், 17 வயதில், வீட்டு வாசலிலேயே கடிகாரம் பழுதுபார்க்கப்படும் என்று ஒரு பலகை மாட்டினார். வெளியே ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் இந்தத் தொழிலையும் நடத்தினார். சேர்த்த காசைக் கொண்டு 1881-ல், 21 வயதில், கியோபாஷியில் ஹட்டோரி கடிகாரக் கடையைத் திறந்தார். இன்றைய சீகோ நிறுவனம் தன் பிறந்த ஆண்டாகக் கணக்கு வைத்திருப்பது இதைத்தான்.

புதுக் கடிகாரம் வாங்கி அடுக்கிவைக்க முதல் இல்லை. அதனால் அடகுக்கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடக்கும் ஓடாத கடிகாரங்களை மலிவாக வாங்குவார். பிரித்து, துடைத்து, சரிசெய்து, ஓடவைத்து விற்பார். அப்பாவின் பழைய சாமான் தொழிலும் மகனின் கைவேலையும் சேர்ந்த வியாபாரம் என்று சொல்லலாம். பழைய வாட்ச்சை மீட்டெடுத்து ஓடவைப்பதில் இன்றைய சேகரிப்பாளர்களுக்கு ஒரு போதை இருக்கிறதே, சீகோவின் தொடக்கமே அதுதான்.

இரண்டு ஆண்டுகூட நிம்மதியாக இருக்க விடவில்லை. 1883-ல் அக்கம்பக்கத்தில் பரவிய தீ கடையையும் வீட்டையும் எரித்தது. மரவீடுகள் நெருக்கிக் கட்டப்பட்ட அந்த ஊரில் தீ விபத்து என்பது வழக்கமான ஆபத்து. ஹட்டோரி மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை கின்சா பக்கம் நகர்ந்தார். 1887-ல் கின்சாவின் பிரதான சாலைக்கே கடை வந்துவிட்டது.

முப்பது நாள் என்றால் முப்பது நாள்

இவ்வளவு சீக்கிரம் எப்படி வளர்ந்தார்? இங்கேதான் அவர் குணத்தின் முக்கியமான பகுதி வருகிறது.

இறக்குமதிக் கடிகாரங்கள் யோகஹாமா துறைமுகத்தில் இருந்த வெளிநாட்டு வணிக நிறுவனங்கள் மூலம்தான் வந்தன. அவர்கள் சரக்கைக் கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் பணம் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஜப்பானிய வணிகர்களின் வழக்கமோ வேறு. வருஷத்துக்கு இரண்டு முறை, நடுவில் ஒரு பண்டிகைக்கும் வருஷக் கடைசிக்கும், கணக்கு முடிப்பதுதான் அவர்களுக்குப் பழக்கம். அதனால் யோகஹாமாவில் பாக்கி இழுபடுவது சகஜம்.

ஹட்டோரி மட்டும் சொன்ன நாளில் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு மாதம் இல்லை, இரண்டு மாதம் இல்லை, தொடர்ந்து அப்படியே. பலன் என்ன? புது மாடல் வந்திறங்கினால் முதலில் ஹட்டோரிக்குக் காட்டினார்கள். மற்றவர்களுக்குத் தராத அளவுக்குக் கடனில் சரக்குக் கொடுத்தார்கள். சின்னக் கடைக்காரரான அவரிடம் டோக்கியோவிலேயே புத்தம்புதிய கடிகாரங்கள் இருந்தன.

பார்க்கச் சின்ன விஷயம். ஆனால், நேரத்தை விற்கிற ஒருவர் நேரம் தவறாமல் இருந்தார் என்பதுதான் அவருக்குக் கிடைத்த முதல் மூலதனம். பின்னாளில் இது எவ்வளவு பெரிதாகத் திரும்பி வரப்போகிறது என்பது 1923-ல் தெரியும்.

விற்பது போதாது, செய்ய வேண்டும்

கடை நன்றாக ஓடுகிறது. இறக்குமதி செய்து விற்றே பணக்காரராகியிருக்கலாம். ஆனால், ஹட்டோரிக்குக் கடிகாரத்தைச் சொந்தமாகத் தயாரிக்க ஆசை. 1892-ல் டோக்கியோவின் ஹோஞ்ஜோ பகுதியில் மூடிக்கிடந்த ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை வாங்கினார். அதற்கு 'சீகோஷா' என்று பெயர் வைத்தார். நுணுக்கமான வேலை நடக்கும் இடம் என்று பொருள்.

அவருக்கு ஒரு துணை கிடைத்தது. சுருஹிகோ யோஷிகாவா என்ற இளம் தொழில்நுட்பக்காரர். ஹட்டோரி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார், யோஷிகாவா பட்டறையைப் பார்த்துக்கொண்டார். தொழிலாளர்கள் பத்துப் பேருக்குச் சற்றுக் கூடுதல். தொடக்கத்தில் நீராவி எஞ்சின்கூட இல்லை. ஆள் நின்று பெரிய சக்கரத்தைச் சுற்றினால்தான் இயந்திரங்கள் ஓடும். அப்படியும் இரண்டே மாதங்களில் முதல் சுவர்க்கடிகாரங்களைச் செய்து முடித்தார்கள். அடுத்த ஆண்டே பெரிய இடத்துக்கு மாறி, நீராவி எஞ்சினும் வைத்துவிட்டார்கள்.

சுவர்க்கடிகாரம் நன்றாக விற்றது. 1895-ல் சீனாவுக்கு ஏற்றுமதியும் தொடங்கியது. அந்தச் சமயத்தில்தான் கின்சாவின் முக்கியமான நாற்சந்தியில், முன்பு ஒரு பத்திரிகை அலுவலகம் இருந்த கட்டடத்தை வாங்கி, மேலே மணிக்கூண்டு வைத்துக் கட்டினார். ஊரில் எல்லோரும் அண்ணாந்து நேரம் பார்க்கும் இடமாக அது ஆனது.

லாபம் தராத பாக்கெட் வாட்ச்

சுவர்க்கடிகாரம் வேறு, சட்டைப்பையில் போடும் வாட்ச் வேறு. சுவர்க்கடிகாரத்தில் பற்சக்கரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். பாக்கெட் வாட்ச்சில் முடியாது. பாகங்கள் சிறுத்துப்போகும்போது ஒரு தூசியின் அளவு பிசகும் நேரத்தைக் கெடுக்கும்.

1895-ல் சீகோஷா தன் முதல் பாக்கெட் வாட்ச்சை வெளியிட்டது. பெயர் 'டைம்கீப்பர்'. சுவிஸ் மாடலைப் பார்த்துச் செய்தது. சில முக்கியப் பாகங்களை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் செய்த வாட்ச் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் லாபம் இல்லை. அடுத்து வந்த பல ஆண்டுகளுக்குப் பாக்கெட் வாட்ச் பிரிவு நஷ்டத்தில்தான் ஓடியது. சுவர்க்கடிகாரத்திலும் அலாரம் டைம்பீஸிலும் வந்த காசுதான் அதைத் தாங்கியது.

நம்ம ஊர் ஸ்டார்ட்அப் பாஷையில் சொன்னால், காசை எரித்துக்கொண்டே இருந்த பிரிவு அது. கணக்குப் பார்க்கத் தெரிந்த ஹட்டோரி ஏன் அதை மூடவில்லை?

அவர் எதிர்காலத்தை அங்கே பார்த்தார். 1899-ல் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பயணம் போய்த் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். அமெரிக்கக் கம்பெனிகள் இயந்திரங்களைக் கொண்டு ஒரே மாதிரியான பாகங்களை ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. கைவேலையை மட்டும் நம்பினால் சுவிட்சர்லாந்தையும் பிடிக்க முடியாது, அமெரிக்காவையும் பிடிக்க முடியாது என்று புரிந்தது. புதிய இயந்திரங்களை வாங்கினார். வாங்கியது போதாத இடத்தில் யோஷிகாவா சொந்தமாக இயந்திரம் வடிவமைத்தார். வாட்ச்சுக்குள் இருக்கும் மிகச் சிறிய பற்சக்கரங்களைத் தானாகவே கடைந்து தரும் லேத் 1908-ல் உருவானது. அதன் உதவியோடு 1909-ல் வந்த 'எம்பயர்' பாக்கெட் வாட்ச் நல்ல பெயர் வாங்கியது. அதற்குப் பிறகுதான் அந்தப் பிரிவு மூச்சுவிடத் தொடங்கியது.

1910-ல் இன்னொரு படி. ஹேர்ஸ்பிரிங்கைச் சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்கினார்கள். தலைமுடிபோல மெல்லிய, சுருண்ட கம்பி அது. வாட்ச்சின் நேரத் துல்லியம் அதன் கையில்தான் இருக்கிறது. இன்றும் உலகின் பல பெரிய வாட்ச் கம்பெனிகள் இந்தப் பாகத்தை வெளியே வாங்கித்தான் பொருத்துகின்றன. சேகரிப்பாளர்கள் சீகோவைப் பற்றிப் பேசும்போது, எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்கிறவர்கள் என்று மரியாதையோடு சொல்வார்கள். அந்த மரியாதையின் வேர் இங்கே இருக்கிறது.

1913: மணிக்கட்டுக்கு வந்தது நேரம்

அப்போது ஜப்பானில் கைக்கடிகாரம் அபூர்வம். பெரிய மனிதர்கள் சங்கிலி கோத்த பாக்கெட் வாட்ச்தான் வைத்திருப்பார்கள். அதற்கே சந்தை முழுதாக உருவாகவில்லை. ஆனாலும் கைக்கடிகாரக் காலம் வரப்போகிறது என்று ஹட்டோரி கணித்தார். மற்றவர்களைவிட எப்போதும் ஓரடி முன்னே இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்துக்கொண்ட வழி.

1913-ல் சீகோஷா வெளியிட்ட 'லாரல்', ஜப்பானில் தயாரான முதல் கைக்கடிகாரம். வெள்ளி உடல், வெள்ளை எனாமல் டயல், அதில் 12 என்ற எண் மட்டும் சிவப்பு. இன்றைய கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும். அன்றைக்கு அந்த அளவுக்குச் சிறிதாகச் செய்வதே போராட்டம். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 30 முதல் 50 வாட்ச் வரைதான் செய்ய முடிந்தது.

அந்த வெள்ளை எனாமல் டயலுக்கு இன்றும் தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது. உலோகத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைப் பூசிச் சூளையில் சுட்டு எடுப்பார்கள். வருடங்கள் ஓடினாலும் அந்த வெண்மை மங்காது. இன்றைய சீகோவின் விலை உயர்ந்த சில மாடல்களில் எனாமல் டயலையும் சிவப்பு 12-ஐயும் பார்த்தால், அது லாரலுக்குச் செய்யும் வணக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் தொடங்கியது. ஐரோப்பாவுக்கு அலாரம் கடிகாரங்களை அனுப்பிக்கொண்டிருந்த ஜெர்மனியின் சப்ளை நின்றுபோனது. பிரிட்டனும் பிரான்ஸும் லட்சக்கணக்கில் அலாரம் கடிகாரங்களுக்கு ஜப்பானிடம் ஆர்டர் கொடுத்தன. போர் வந்தால் மூலப்பொருள் விலை ஏறும் என்று முன்கூட்டியே யோசித்துச் சரக்கு வாங்கிக் குவித்திருந்தவர் ஹட்டோரி. அதிர்ஷ்டமும் இருந்தது, அதை வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தார். 1917-ல் கடை ஒரு நிறுவனமாகப் பதிவானது.

1923 செப்டம்பர் 1

அன்று சனிக்கிழமை. பகல் 12 மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது நிலம் அதிர்ந்தது. மதியச் சமையலுக்காக வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். மரவீடுகள் சரிந்து, தீ பிடித்து, காற்றோடு சேர்ந்து ஊரையே விழுங்கியது. டோக்கியோ, யோகஹாமா வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

முப்பது ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய சீகோஷா தொழிற்சாலை எரிந்துபோனது. இயந்திரங்கள், பாகங்கள், செய்து முடித்த கடிகாரங்கள் என எல்லாம் போனது. ஹட்டோரிக்கு அப்போது 62 வயது முடிந்து, 63 ஆகப்போகிறது. 22 வயதில் கடை எரிந்தபோது இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, உழைக்க ஆயுசு இருந்தது. இப்போது அப்படி இல்லை. ஓய்வெடுத்துக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் மறுபடியும் கட்ட முடிவு செய்தார்.

அதோடு இன்னொரு பிரச்சினையும் இருந்தது. வாடிக்கையாளர்கள் ரிப்பேருக்காகக் கொடுத்துவைத்திருந்த சுமார் 1,500 வாட்ச்சுகள் தீயில் அழிந்துவிட்டன. இயற்கைப் பேரிடர் இது. ஊரே வீடு வாசல் இழந்து நிற்கிறது. என் வாட்ச் எங்கே என்று வந்து நிற்கும் நிலையில் யாரும் இல்லை. கேட்டாலும், எல்லாம் தீயில் போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஹட்டோரி பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். ரிப்பேருக்குக் கொடுத்த வாட்ச்சை இழந்தவர்கள் வரலாம், அதே தரத்தில் புது வாட்ச் தரப்படும் என்று அறிவித்தார். தொழிற்சாலை இல்லாத நேரத்தில், வருமானம் நின்றுபோன நேரத்தில், ஒவ்வொரு காசும் மறுகட்டுமானத்துக்குத் தேவைப்பட்ட நேரத்தில் இதைச் செய்தார்.

யோகஹாமாவில் முப்பது நாள் கணக்கைத் தவறவிடாத அதே மனிதர்தான் இது. ரிப்பேருக்கு வாங்கி வைத்த வாட்ச் அவருக்கு ஒரு கடன். கடன் என்றால் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். அவ்ளோதான்.

சாம்பலிலிருந்து வந்த பெயர்

சில மாதங்களிலேயே கடிகாரத் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது. 1924 மார்ச்சில் சுவர்க்கடிகாரங்கள் கடைக்கு வந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் புதிய கைக்கடிகாரம் வெளியானது. அதன் டயலில் முதல்முறையாக 'சீகோ' என்ற பெயர் இருந்தது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பெயர், நிலநடுக்கத்துக்குப் பிந்தைய வருஷத்தில் ஒரு கைக்கடிகாரத்தின் முகத்தில்தான் பிறந்தது. எரிந்த தொழிற்சாலையின் பெயரிலிருந்தே எடுத்தது.

1929-ல் ஜப்பான் அரசு ரயில்வே, சீகோஷாவின் பாக்கெட் வாட்ச்சைத் தன் அதிகாரப்பூர்வக் கடிகாரமாக ஏற்றது. அதுவரை ரயில் ஊழியர்கள் நம்பியிருந்தது வெளிநாட்டு வாட்ச்சுகளைத்தான். ரயிலுக்காக நாட்டின் நேரத்தையே மாற்றிய ஒரு தேசம், தன் ரயில்களை உள்நாட்டு வாட்ச்சை நம்பி ஓட்ட 57 ஆண்டுகள் ஆகின.

1927-ல் ஹட்டோரி நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1930-ல் தன் 70-வது வயதில் 30 லட்சம் யென் கொடுத்து, கல்வி, ஆராய்ச்சிக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். 1932-ல் கின்சா நாற்சந்தியில் வளைந்த முகப்பும் மணிக்கூண்டும் கொண்ட புதிய கட்டடம் எழுந்தது. கட்டடக் கலைஞர் ஜின் வாட்டனாபே வடிவமைத்தது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலும் தப்பி நின்ற கட்டடம் அது. டோக்கியோ போகிறவர்கள் கின்சாவில் போட்டோ எடுத்துக்கொள்ளும் கடிகாரக் கட்டடம் இதுதான்.

அதைப் பார்த்து இரண்டு ஆண்டுகளில், 1934 மார்ச் 1 அன்று, 73 வயதில் ஹட்டோரி காலமானார். நிறுவனம் மகன்கள் கைக்குப் போனது.

அவருக்குப் பிறகு என்ன ஆனது?

இன்று சேகரிப்பாளர்கள் தேடும் மாடல்கள் பெரும்பாலும் அவர் மறைவுக்குப் பின் வந்தவை. சுருக்கமாகப் பார்ப்போம்.

* 1960: கிராண்ட் சீகோ. சுவிஸ் வாட்ச்சுகளோடு நேருக்கு நேர் மோத, சுவா நகரத் தொழிற்சாலை செய்தது. அப்போதைய விலை 25,000 யென்.
* 1961: கிங் சீகோ. அதே குழுமத்தின் டோக்கியோ தொழிற்சாலை போட்டிக்குக் களமிறக்கியது. ஒரே குடும்பத்தின் இரண்டு தொழிற்சாலைகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்ததில் வாட்ச்சின் தரம் ஏறியது.
* 1964: டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதிகாரப்பூர்வ நேரக் கணிப்பு சீகோவின் பொறுப்பு.
* 1967: 44ஜிஎஸ் மாடல். கண்ணாடிபோலத் தட்டையாகப் பாலிஷ் செய்த முகங்கள், கூரான விளிம்புகள். கிராண்ட் சீகோவின் தோற்றத்துக்கு இலக்கணமே இதுதான்.
* 1969 டிசம்பர் 25: அஸ்ட்ரான், உலகில் விற்பனைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். விலை 4,50,000 யென். மாதத்துக்கு 5 விநாடிக்கு மேல் பிசகாது.

அஸ்ட்ரானில் ஒரு முரண் இருக்கிறது. குவார்ட்ஸ் வந்ததும் பேட்டரி வாட்ச் மலிந்தது, சாவி கொடுக்கும் வாட்ச்சுகளின் சந்தை சரிந்தது. சுவிட்சர்லாந்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சீகோவிலேயே கிராண்ட் சீகோ 1970-களில் நின்றுபோய், 1988-ல் குவார்ட்ஸாகத்தான் திரும்பியது. அதில் இயந்திர வாட்ச் மறுபடி வர 1998 ஆனது. நேரம் பார்க்க இயந்திர வாட்ச் தேவையில்லை என்ற நிலை வந்த பிறகுதான், அதை ரசிப்பதற்காகவே வாங்கும் கூட்டம் பெருகியது.

அப்போ, சேகரிப்பதில் என்ன ருசி?

மூன்று விஷயங்களைச் சொல்லலாம். மூன்றும் ஹட்டோரியிடம் போய் நிற்கும்.

முதலாவது, உள்ளும் புறமும் ஒரே வீட்டு வேலை. ஹேர்ஸ்பிரிங் முதல் டயல் வரை தாங்களே செய்வது என்ற பிடிவாதம், நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு பாக்கெட் வாட்ச் செய்த நாள்களிலிருந்து வருகிறது.

இரண்டாவது, பகட்டில்லாத வேலைப்பாடு. பனி படிந்ததுபோன்ற டயலையோ, வெளிச்சத்தைக் கத்தி முனைபோல வெட்டும் முள்ளையோ பத்தடி தூரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். கட்டியிருப்பவருக்கு மட்டும் தெரியும். கூட்டத்தில் காட்டிக்கொள்ள ஆசைப்படாதவர்களுக்கு இது பிடித்துப்போகிறது.

மூன்றாவது, எல்லோருக்கும் இடம் உண்டு. லட்சங்களில் கிராண்ட் சீகோ இருக்கிறது. 1963-ல் தொடங்கிய சீகோ 5 வரிசையில் சாமானியர் வாங்கும் விலையிலும் ஆட்டோமேட்டிக் வாட்ச் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவோ சித்தப்பாவோ கொடுத்த சீகோ 5 உங்கள் வீட்டுப் பீரோவில் இன்னும் கிடக்கலாம். ஒருமுறை எடுத்து ஆட்டிப் பாருங்கள், ஓடினாலும் ஓடும்.

அந்த வாட்ச்சின் வயது தெரிய வேண்டுமா? பின்பக்க மூடியில் உள்ள வரிசை எண்ணைப் பாருங்கள். 1960-களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த பழைய சீகோக்களில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண். இரண்டாவது, மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கும். எந்தப் பத்தாண்டு என்பதை மாடலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆன்லைனில் பழைய வாட்ச் வாங்குவதாக இருந்தால் கொஞ்சம் கவனம் தேவை. டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து, வெவ்வேறு வாட்ச்சின் பாகங்களைக் கலந்து, ஒரிஜினல் என்று விற்பவர்கள் நிறைய. டயல் ரொம்பப் புதுசாக, கலர் கண்ணைப் பறிக்கிற மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். டயலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணும், மூடியில் உள்ள மாடல் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விலையைவிட விற்பவரை முதலில் விசாரியுங்கள். சொன்ன சரக்கைச் சொன்ன நாளில் அனுப்புபவரா, குறை இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்பவரா என்பதுதான் முக்கியம். யோகஹாமா வியாபாரிகள் இளைஞர் ஹட்டோரியிடம் பார்த்ததும் அதைத்தான்.